பண்டாரவளையும் அறவண அடிகளும்

பண்டாரவளைக்கு அண்மையில் பிந்துனுவெவ என்றொரு சிற்றூர் இருக்கிறது. தேயிலை மலையும் மரக்கறித் தோட்டமும் சூழ்ந்த குளிர்ந்த ஊர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதிக்கு முன்னர் யாழ்ப்பாணத்தாரில் எத்தனை பேர் அவ்வூரின் பெயரை அறிந்திருந்தனர்? மட்டக்களப்பாரில் எத்தனை பேர்? அன்று முதல் அப்பெயரை மறக்கும் உரிமை நமக்கு இல்லாது போயிற்று.

அங்கே அரசாங்கம் புனர்வாழ்வு முகாம் ஒன்றை நடத்தி வந்தது. அதில் 41 தமிழர் வைக்கப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் இளைஞர்; சிலர் மீசை முளையாத சிறுவர். சரணடைந்தவர்களும் சந்தேகத்தின்பேரிற் பிடிபட்டவர்களுமான அவர்கள், நீதிமன்றத்தில் குற்றத் தீர்ப்புப் பெற்ற கைதிகள் அல்லர். முதல் நாள், தங்கள் விடுதலை தாமதமாவது பற்றி முகாம் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள், வாக்குவாதம் மூண்டது. மறுநாட் காலை ஊரார் பெருங்கூட்டமாகத் திரண்டு, கத்தியும் பொல்லும் ஏந்தி, முகாமுக்குள் புகுந்தனர். 27 பேரைக் கொன்றனர். எஞ்சிய 14 பேரும் காயமுற்றனர். துப்பாக்கி தாங்கிய பொலிசார் அங்கே நின்றுகொண்டிருக்கவே இவ்வளவும் நடந்தேறின. புனர்வாழ்வு என்று பெயர்ப்பலகை தொங்கிய இடத்தில் வாழ்வே பறிபோயிற்று.

விசாரணைக்கு ஆணைக்குழு அமைந்தது. வழக்கும் நடந்தது. 2003ஆம் ஆண்டு ஜூலையில், கொழும்பு மேல் நீதிமன்றம் இரண்டு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005ஆம் ஆண்டு மே மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் அந்த ஐவரில் எஞ்சியிருந்தோரையும் விடுவித்துவிட்டது. மரண தண்டனையை நாம் வேண்டியதுமில்லை, இன்று வேண்டவுமில்லை. ஆயினும் பட்டப்பகலில், பொலிசார் பார்த்திருக்க, 27 உயிர்கள் போன பின்னர் குற்றவாளி என்று எவருமே எஞ்சவில்லை என்றால் அந்தத் தாய்மார் எதை நம்பித் துயிலுவர்?

இத்தனைக்கும் பிறகு நம்மை நோக்கி ஓர் அறிவுரை வருகிறது. 'மன்னித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள், பகையைப் பகை தணிக்காது என்பதன்றோ புத்தரின் போதனை' என்கிறார்கள். மேடையிற் சொல்கிறார்கள், பத்திரிகையில் எழுதுகிறார்கள், வெசாக் நாள் வரும்போதெல்லாம் கூறுகிறார்கள். நல்லது. புத்தரிடமே போவோம். அவருடைய சங்கத்துப் பெரியோர் மன்னிப்பையும் கருணையையும் எப்படிக் கற்பித்தனர் என்று கேட்போம். அந்தப் பாடம் தமிழனுக்குப் புதியதன்று. சிங்கள நாட்டிலிருந்து கடன் வாங்க வேண்டியதுமன்று.

நமக்கென்றே ஒரு பௌத்த ஆசான் இருந்தார். அறவண அடிகள் என்பது அவர் பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் மாதவிக்கு அறம் உரைத்தவர்; அவள் மகள் மணிமேகலைக்கு ஞானத் தந்தையானவர். சீத்தலைச் சாத்தனார் பாடிய காப்பியம் முழுவதிலும் அந்த முதியவரின் நிழல் விழுந்து கிடக்கிறது. மணிபல்லவம் என்று காப்பியம் கூறும் தீவு நமது நயினாதீவே என்று கொள்வாரும் உளர். ஆகவே பௌத்தம் என்றதும் அது அயலவர் சொத்து என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தமிழரும், தமிழருக்கும் பௌத்தத்துக்கும் என்ன உறவு என்று கேட்கும் சிங்களரும், ஒரே பிழையைத்தான் செய்கின்றனர்.

அறவண அடிகளின் மாணவி சிறைச்சாலையில் என்ன செய்தாள்? அமுதசுரபியைக் கையிலேந்திக் காவலுக்குள் கிடந்த பசித்தவர்க்கெல்லாம் உணவளித்தாள். சோழ மன்னன் வியந்து அவளை அழைத்து, நான் உனக்குச் செய்யக்கூடியது யாது என்று வினவினான். பொன்னையும் நிலத்தையும் அவள் கேட்டாளில்லை. அந்தச் சிறைக்கோட்டத்தை இடித்து அறக்கோட்டம் ஆக்கித் தருக என்று கேட்டாள். மன்னனும் இசைந்தான். கைதிகள் கிடந்த இடத்திலே அறவோர் உறையுளும் அட்டிற்சாலையும் எழுந்தன. நம் காலத்து அரசாங்கத்துக்குப் புனர்வாழ்வு என்ற சொல் எங்கிருந்து கிடைத்தது என்று யாம் அறியோம். அதன் பொருள் அந்தக் காதையில் இருக்கிறது.

பின்னர் நடந்தது இன்னும் கொடியது. இளவரசன் உதயகுமரன் கொலையுண்டான். மணிமேகலை அவனைக் கொன்றாளல்லள். ஆனால் அவள் பொருட்டே அவன் மாண்டான். மகனை இழந்த இராசமாதேவி, பழிதீர்க்கும் நோக்கத்தை உள்ளே மறைத்து, அவளைச் சிறையிலிருந்து தன்னிடம் வருவித்துக்கொண்டாள். அறிவை மயக்கும் மருந்தை ஊட்டினாள். இழிந்தவன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து ஏவிவிட்டாள். நோயுற்றாள் என்று பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்போது அரசி நடுங்கினாள். மகன் இறந்த துயரம் தாங்காமல் இவ்வாறெல்லாம் செய்துவிட்டேன், பொறுத்தருள்க என்று தன் வாயாற் கேட்டாள். மணிமேகலை கூறிய மறுமொழி உலக இலக்கியத்தில் வைத்து எண்ணத்தக்கது. நீ அழுதது மகனுடைய உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கு என்றால், அதை எடுத்துச் சென்று சுடுகாட்டில் இட்டவர் யாவர்? உயிருக்கு என்றால், அது சென்று புகுந்த இடத்தை நீ அறியாய். அந்த உயிரிடத்து உனக்கு அன்பு உண்டாயின் எல்லா உயிர்களிடத்தும் அன்றோ நீ இரங்க வேண்டும்? இவ்வாறு வினவி, அரசியின் தனித் துயரை அனைத்துயிர்க்குமான இரக்கமாக விரித்துவிட்டாள். அரசி அவளை வணங்கினாள். அவளும் அதனைப் பொறாது அரசியைத் திருப்பி வணங்கினாள். அதன் பின் அறவண அடிகளே அரண்மனைக்கு எழுந்தருளி அரசிக்கு அறம் உரைத்தார்.

இந்நிகழ்ச்சியின் வரிசையை ஊன்றிப் பாருங்கள். கொடுமை செய்தவள் அதைக் கொடுமை என்று கண்டாள். இன்னது செய்தேன் என்று கூறினாள். பொறுக்கும்படி வேண்டினாள். மணிமேகலையின் உள்ளத்தில் கருணை முன்னமே இருந்தது. இல்லாவிடின் புழுக்கறையிலேயே சாபம் பிறந்திருக்கும். ஆனால் மன்னிப்பு என்ற காரியம் நிறைவேறுவதற்கு அரசியின் வாயும் திறக்க வேண்டியிருந்தது. கருணை ஒருவரே செய்யக்கூடியது. மன்னிப்புக்கு இருவர் வேண்டும். நமக்கு அறிவுரை கூறுவோர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தருகின்றனர். அதனாலேதான் அது நமக்குக் கசக்கிறது.

காப்பியக் கதைதானே என்று தள்ளுவோர் இருந்தால், வினய பிடகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். அது பிக்குகளுக்குச் சட்டநூல். சுதம்மன் என்ற பிக்கு, சித்தன் என்ற இல்லறத்தானை மனம் நோக ஏசிவிட்டான். தன்னைக் கேளாமல் வேறு தேரர்களை விருந்துக்கு அழைத்துவிட்டான் என்ற பொறாமைதான் காரணம். (பிக்குகளுக்குள்ளும் பொறாமை உண்டு என்பதை அந்நூல் ஒளிக்கவில்லை, அதுவே அதன் பெருமை.) செய்தி புத்தரின் செவிக்கு எட்டியது. துறவி பெரியவன், இல்லறத்தான் சிறியவன், பொறுத்துப் போகட்டும் என்று அவர் தீர்த்தாரா? இல்லை. சுதம்மனைக் கண்டித்து, நீ போய்ச் சித்தனிடம் மன்னிப்புக் கேள் என்று அனுப்பினார். அதற்கென்று சங்கத்தில் ஒரு முறையே வகுத்தார். பாளியில் படிசாரணீய கருமம் என்று பெயர். காவியுடை தரித்தவன், வேட்டி கட்டிய குடியானவன் முன்னே போய் நின்று பொறுத்தருள்க என்று கேட்க வேண்டும். இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுந்த சட்டம் இது. இன்றைக்கும் ஊவாவின் விகாரைகளில் உள்ள ஏடுகளில் அது இருக்கிறது.

திகாவு குமாரன் கதையும் அங்கேதான் உள்ளது. காசி மன்னன் பிரமதத்தன், கோசல மன்னனின் நாட்டைப் பறித்தான். மாறுவேடத்தில் ஒளிந்திருந்த அவனையும் அவன் அரசியையும் பிடித்துத் துண்டு துண்டாக வெட்டுவித்தான். பகையாற் பகை தணியாது என்று தந்தை இறக்கும் வேளையிற் சொல்லிய சொல் மகன் திகாவுவின் காதில் விழுந்தது. பின்னொரு நாள் அதே பிரமதத்தன், இன்னானென்று அறியாமல், காட்டிலே திகாவுவின் மடியில் தலைவைத்துத் துயின்றான். குமாரன் மூன்று முறை வாளை உருவினான். மூன்று முறையும் உறையில் இட்டான். இவ்வளவோடு கதையை நிறுத்திக்கொள்வோர் பலர். கதை நிற்கவில்லை. விழித்தெழுந்த மன்னன் உயிர்ப்பிச்சை கேட்டான்; இருவரும் ஒருவர்க்கொருவர் உயிர் அளித்துச் சூளுரைத்தனர்; காசிக்குத் திரும்பியதும் பிரமதத்தன், தான் பறித்த நாட்டையும் படையையும் பண்டாரத்தையும் திகாவுவுக்கு மீட்டுக் கொடுத்தான். பறித்ததைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் போதனையின் ஒரு பாகமே. அதை மட்டும் விட்டுவிட்டுக் கதை சொல்கிறார்கள்.

இந்தக் கதையைப் புத்தர் கூறியது கோசாம்பியில், தமக்குள் சண்டையிட்ட பிக்குகளுக்கு. அவர்கள் கேட்கவில்லை. தேவரீர் இதில் தலையிடாதிருக்கலாம் என்று அவரையே விலக்கிவிட்டனர். அவரும் எழுந்து போய்விட்டார். பின்னர் அவர்களுக்கு யார் புத்தி வருவித்தார்கள் தெரியுமா? ஊர்க் குடிமக்கள்! இவர்களுக்கு இனி வணக்கமும் இல்லை, பிச்சையும் இல்லை என்று ஒருமுகமாக முடிவு செய்தார்கள். வயிறு காய்ந்த பின்னர் சமாதானம் வந்தது.

நம் நாட்டு அரசியலில் இந்தப் போதனை பட்ட பாட்டைச் சற்று நினைவூட்டுவோம். 1951ஆம் ஆண்டு செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜப்பானுடனான சமாதான மகாநாடு கூடியது. இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அங்கே எழுந்து, பகை அன்பினாலேயே தணியும் என்ற புத்த வாக்கை எடுத்துரைத்து, 1942இல் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசிய ஜப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்று அறிவித்தார். அதனை ஜப்பானியர் இன்றளவும் போற்றுகின்றனர், போற்றத்தக்கதே. அதே ஜயவர்த்தனா ஜனாதிபதியாக வீற்றிருந்த 1983ஆம் ஆண்டு ஜூலையில் கொழும்பு எரிந்தது. ஜூலை 27ஆந் திகதி பதுளையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. கடல் கடந்த பகைவனுக்குக் கிடைத்த அந்த அன்பு, பதுளைக் கடைவீதிக்கு வந்து சேர வழி தெரியாமல் எங்கே நின்றுவிட்டது?

2004ஆம் ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கா, 1983இன் கொடுமைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேட்கவே கூசும் அரசியலில் அது சிறு செயலன்று. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1983 மற்றொரு கட்சியின் ஆட்சியில் நிகழ்ந்தது. பிந்துனுவெவ அவருடைய சொந்த ஆட்சியில் நிகழ்ந்தது. பிறர் செய்த குற்றத்துக்கு வருந்துவது எளிது. சொந்தக் கணக்கைத் திறப்பதுதான் அரிது. அசோகச் சக்கரவர்த்திக்கே அது எளிதாக இருக்கவில்லை. கலிங்கப் போரிலே ஒரு இலட்சம் பேர் மாண்டதற்கு மனம் நொந்து அவன் கல்லில் வெட்டிய சாசனம் வேறு பல இடங்களில் இருக்கிறது. கலிங்கத்துப் பாறைகளில் மட்டும் அது இல்லை.

இதுகாறும் கேட்க வேண்டியவர்களைப் பற்றிப் பேசினோம். இனி நம் பங்குக்கு வருவோம். மன்னிப்புக்குத்தான் மற்றவர் வர வேண்டும். கருணைக்கு எவர் வருகைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்றோம். அறவண அடிகள் தம் மாணவிக்குக் கடைசியாகக் கற்பித்தது, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் காரண காரியத் தொடரைத்தான். பேதைமை எதிலிருந்து எதைப் பிறப்பிக்கிறது என்று அறிந்தால் துன்பத்தின் வேர் தெரியும் என்றார். அந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஊவாவைப் பார்த்தால் என்ன தெரிகிறது?

1818இல் ஊவா, வெல்லஸ்ஸைக் குடியானவர்கள் வெள்ளையனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். ஊவாவின் திசாவையாக இருந்த கெப்பிட்டிப்பொல அவர்களோடு சேர்ந்து தலைமை தாங்கினான். பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டான். கிராமங்கள் கொளுத்தப்பட்டன. நெல்லும் மாடும் அழிக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கூறிற்று. மாடு மேய்த்து, சேனை செய்து, விறகு பொறுக்கி வாழ்ந்த மலை, ஒரு காகிதத்தால் பிறர் உடைமையாயிற்று. அதில் கோப்பி வந்தது. பின்பு தேயிலை வந்தது. அதைப் பயிரிடத் திருச்சிராப்பள்ளியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் பஞ்சத்தில் வாடிய நம்மவர் கூட்டிவரப்பட்டனர். கிராமத்துச் சிங்களவன் மலையை நிமிர்ந்து பார்த்தபோது துரை தெரியவில்லை. துரை பங்களாவில் இருந்தான். லயத்தில் இருந்த தமிழன்தான் தெரிந்தான். நிலத்தைப் பறித்தவன் கப்பலேறிப் போய்விட, பறித்த நிலத்திற் கூலி செய்தவன் மீது பழி தங்கிற்று. அந்தக் கூலிக்காரனுக்கோ ஒரு பேர்ச் நிலமும் சொந்தமில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து இருந்த வாக்கும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவனைத் தலையெண்ணிப் பங்கு போட்டது. நிலம் இழந்தவனும் நாடு இழந்தவனும் ஒரே மலையின் இரு சரிவுகளில், ஒருவனை ஒருவன் வெறுத்துக்கொண்டு இருந்தனர். இரண்டு இழப்புக்கும் காரணமானவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

இதைச் சொல்வது கொலைக்குச் சமாதானம் கூறுவதாகாது. 27 இளைஞரைக் கொன்ற கைக்கு வரலாறு சாட்சி சொல்ல வர முடியாது. ஆனால், அந்தக் கூட்டத்திலிருந்தவன் பிறவியிலேயே பேய் என்று எண்ணிவிட்டால் நமக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பேதைமையில் விழுந்த உழவன் என்று கண்டால் அவன் பிள்ளையையேனும் மீட்கலாம். தலாய் லாமா சொல்லும் ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. சீனர் சிறையில் 18 ஆண்டுகள் கிடந்து மீண்ட திபெத்தியத் துறவி ஒருவரிடம், உமக்கு அங்கே நேர்ந்த பேராபத்து யாது என்று அவர் கேட்டாராம். சீனரிடத்து எனக்கிருந்த கருணையை இழந்துவிடுவேனோ என்பதுதான் என்றாராம் அந்தத் துறவி. நம் வீடுகளிலும் அந்த ஆபத்து நுழைந்துவிட்டது. அயலூர்ச் சிங்களக் குழந்தை ஒன்று இறந்த செய்தி வந்தபோது நம்மிற் சிலர் முகத்தில் தோன்றிய அமைதியை நாம் கண்டதில்லையா?

கேட்க வேண்டிய மன்னிப்பு நம்மிடமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி, அம்பாறை மாவட்டத்து அரந்தலாவையில் விடுதலைப் புலிகள் ஒரு பஸ்ஸை மறித்து 30க்கு மேற்பட்ட பிக்குகளைக் கொன்றனர். அவர்களிற் பலர் சிறு பிள்ளைகளான சாமணேரர். 1990 ஓகஸ்டில், காத்தான்குடிப் பள்ளிவாசலிற் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில், நம்மோடு தமிழ் பேசி வாழ்ந்த முஸ்லிம்கள் வடக்கிலிருந்து துரத்தப்பட்டனர். 1998 ஜனவரியில், கண்டித் தலதா மாளிகையின் வாசலில் லொறிக் குண்டு வெடித்தது. நம் பெயரால் நடந்தவை இவை. பிந்துனுவெவச் சிறுவனுக்காக அழும் கண், அரந்தலாவைச் சாமணேரனுக்காக அழ மறுத்தால் இராசமாதேவியிடம் மணிமேகலை கேட்ட கேள்வி நம்மையும் நோக்கித் திரும்பும்.

ஆகவே நாம் கேட்பது பழியன்று, பணம் மட்டுமன்று. பிந்துனுவெவ முகாம் இருந்த இடத்தில் மூன்று மொழிகளிலும் 27 பேர் என்ற உண்மையைக் கூறும் கல் ஒன்று நிற்க வேண்டும். அங்கே சிங்கள, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் விவசாயமோ தொழிலோ கற்கும் நிலையம் ஒன்று எழ வேண்டும். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவது என்றால் அதுதான். வெலிமடையில் உருளைக்கிழங்கு நடும் சிங்களக் கமக்காரனுக்கும், அப்புத்தளையில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருவருக்கும் அது வேண்டும். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியில், தோவ விகாரையில், பாறையிற் செதுக்கப்பட்ட நெடிய சிலை ஒன்று பல நூற்றாண்டுகளாக முற்றுப்பெறாமலே நிற்கிறது. முடிக்கப்படாத வேலை அந்த வட்டாரத்தில் அது ஒன்று மட்டுமன்று.

சங்கத்தாரிடத்தும் ஒரு விண்ணப்பம். இறந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் பிறந்தவர்கள். அவர்களுடைய வீடுகள் எங்கே என்பது அரசாங்கப் பதிவேடுகளில் இருக்கும். சுதம்மன் சித்தனிடம் முதன்முறை போனபோது நாணம் மேலிட்டு, மன்னிப்புக் கேளாமலே திரும்பிவிட்டான். அதை அறிந்த புத்தர் அவனைக் கைவிடவில்லை. துணைக்கு இன்னொரு பிக்குவைச் சேர்த்து மறுபடியும் அனுப்பினார். நாணம் தடுக்குமாயின் துணை வருவதற்கு ஊவாவிலே ஆட்கள் இருக்கின்றனர். தோட்டத்து மக்கள் இரு மொழியும் அறிந்தவர்கள். எந்த வீட்டில் எப்படிப் பேசுவது என்று தெரிந்தவர்கள். பாதையும் இப்போது திறந்திருக்கிறது. 2000இல் மகனை இழந்த தாய்மாரிற் பலர் இன்று முதுமையெய்திவிட்டனர். அவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பயணம் புறப்பட வேண்டும்.